புனிதர்களும் நாங்களும்: கொழும்புக் கத்தோலிக்க வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்டவை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பெரியவர்கள் கேட்டவை, வேறு சபைக்குப் போன சொந்தக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து மடக்கிக் கேட்டவை, எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. நான் குருவானவர் இல்லை, கொட்டாஞ்சேனைப் பக்கம் மறைக்கல்வி படிப்பிக்கிற ஒருத்தி, அவ்வளவுதான். திருச்சபை தெளிவாகச் சொல்லியிருப்பதை அப்படியே சொல்கிறேன். என் சொந்த அபிப்பிராயம் வருகிற இடம் உங்களுக்கே தெரியும்.

கத்தோலிக்கர் புனிதர்களை ஆராதிக்கிறார்களா?

இல்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். இதை வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் நாங்கள் செபிக்கிற முறையையே எடுத்துப் பாருங்கள். புனிதர்களின் மன்றாட்டு மாலையில் தொடக்கத்தில் ஆண்டவரிடம் “எங்கள் மேல் இரக்கமாயிரும்” என்கிறோம். புனிதர்களின் பெயர் வரத் தொடங்கியதும் பதில் மாறிவிடும், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்கிறோம். மாதாவின் பெயருக்கும் அதே பதில்தான். அதே மாதிரி அந்தோனியார் திருவிழாவான ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடைத் திருத்தலத்தில் எவ்வளவு சனம் கூடினாலும், பீடத்தில் ஒப்புக்கொடுக்கப்படுகிற பலி அந்தோனியாருக்கு இல்லை, தந்தையாகிய கடவுளுக்கு. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகளை நினைவுகூர்ந்தாலும் பலி செலுத்துவது கடவுளுக்கு மட்டும்தான் என்று புனித அகுஸ்தினார் 1,600 வருடத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார், அப்போதும் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை வந்து, புனிதரின் சுரூபம் (சிலை) இருக்கிற கூட்டின் கண்ணாடியைத் தொட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, ஆண்டவர் அப்ப வடிவில் இருக்கிற நற்கருணைப் பேழையின் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் ஆட்டோ பிடித்துப் போகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் “நீங்கள் ஆராதிக்கிறீர்கள்” என்று சொன்னால் அவர்மேல் மட்டும் கோபப்பட முடியாது.

நேராக இயேசுவிடம் கேட்டால் போதாதா?

போதும். தாராளமாகப் போதும். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே இணைப்பாளர் ஒருவரே என்று 1 திமொத்தேயு 2:5 சொல்வதைக் கத்தோலிக்கரும் அப்படியே ஏற்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் எல்லாருக்காகவும் பரிந்து மன்றாடும்படி பவுல் கேட்கிறார், அதையும் சேர்த்து வாசியுங்கள். ஏ/எல் சோதனை எழுதப் போகிற பிள்ளை பெரியம்மாவிடம் “எனக்காகச் செபியுங்கோ” என்று சொல்வதை யாரும் இயேசுவுக்கு அவமரியாதை என்று நினைப்பதில்லை. பெரியம்மா செத்துப்போனால் அந்த உறவு அறுந்துவிடுமா என்பதில்தான் எங்களுக்கும் மற்றச் சபையாருக்கும் பேதம். கடவுள் இறந்தோரின் கடவுள் இல்லை, வாழ்வோரின் கடவுள் என்று இயேசு சொல்கிறார் (லூக்கா 20:38). திருவெளிப்பாடு 5:8இல் விண்ணகத்தில் இருக்கிற மூப்பர்கள் இறைமக்களின் வேண்டுதல்களைப் பொற்கிண்ணங்களில் ஏந்தியிருக்கிறார்கள். இவற்றை வைத்துத்தான் திருச்சபை அறுந்துபோகாது என்கிறது. 1563இல் திருச்சபை ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் இதைப் பற்றிச் சொன்னபோது, புனிதர்களின் உதவியை நாடுவது நல்லது, பயனுள்ளது என்றுதான் சொன்னது. தனிப்பட்ட செபத்தில் புனிதரைக் கூப்பிடாதவர் கத்தோலிக்கர் இல்லை என்று அது சொல்லவில்லை.

செத்தவர்களோடு கதைப்பது பாவம் என்று இணைச்சட்ட நூலில் இருக்கிறதே?

இருக்கிறது, 18ஆம் அதிகாரத்தில். அங்கே தடுக்கப்பட்டது ஆவிகளைக் கூப்பிட்டுக் குறி கேட்பது. நாங்கள் புனிதரிடம் “நாளைக்கு என்ன நடக்கும்” என்று கேட்பதில்லை, செபிக்கச் சொல்லிக் கேட்கிறோம். யாராவது தன் உடம்பில் புனிதர் இறங்கி வாக்குச் சொல்கிறார் என்று சொன்னால் அந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள்.

சுரூபம் வைத்திருப்பது பத்துக் கட்டளைக்கு எதிரில்லையா?

விடுதலைப் பயணம் 20இல் உருவங்களைச் செய்து வழிபடாதே என்ற அதே கடவுள், 25ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பேழைக்கு மேல் பொன்னால் கெருபு என்ற வானதூதர் உருவங்களைச் செய்யச் சொல்கிறார். எண்ணிக்கை நூல் 21இல் வெண்கலப் பாம்பைச் செய்யச் சொல்கிறார். ஆகவே தடை, உருவத்தைத் தெய்வமாக்குவதற்கு. 787இல் நடந்த இரண்டாம் நிசேயா சங்கம் உருவங்கள் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையைத் தீர்த்தபோது, உருவத்துக்குக் காட்டுகிற மரியாதை அந்த உருவம் யாரைக் காட்டுகிறதோ அவருக்கே போகிறது என்று முடிவெடுத்தது.

எனக்குப் பிடித்தது அந்த வெண்கலப் பாம்பின் மிச்சக் கதை. மோசே செய்த அதே பாம்புக்குப் பிற்காலத்துச் சனம் தூபம் காட்டத் தொடங்க, எசேக்கியா அரசன் அதை உடைத்தே போட்டான் (2 அரசர்கள் 18:4). கடவுள் சொல்லிச் செய்த பொருளுக்கே அந்த கதி. அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டு மாடத்தைப் பார்த்து இது எங்களைச் செபத்துக்குக் கொண்டுபோகிறதா, இல்லை சும்மா “இருந்தால் பாதுகாப்பு” என்று வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. திருச்சபைச் சட்டத்தின் 1188ஆம் பிரிவே கோயில்களில் சுரூபங்கள் அளவான எண்ணிக்கையில், ஒழுங்காக இருக்க வேண்டும், சனத்தைக் குழப்பக் கூடாது என்கிறது. வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றின் சின்ன வரவேற்பறையில் பதினைந்து புனிதர்கள் வரிசையில் நிற்கும்போது எனக்கு இந்தச் சட்டம்தான் ஞாபகம் வரும்.

அந்தோனியாருக்கு ஏன் செவ்வாய்க்கிழமை? கொச்சிக்கடைக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13, ஒரு வெள்ளிக்கிழமை. பதுவை நகரில் அவரை அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய்க்கிழமை, ஜூன் 17. செவ்வாய் பக்தி அங்கிருந்துதான் வருகிறது. பதுவை அந்தோனியார் என்று சொன்னாலும் ஆள் பிறந்தது லிஸ்பனில், பெற்றோர் வைத்த பெயர் பெர்னாண்டோ. இறந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1232 மே 30ஆம் திகதி, பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு அவர் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர். அடையாள அட்டை, வீட்டுச் சாவி, பேர்ஸ், ஒன்று காணாமல் போனால் போதும், உடனே அந்தோனியார். அதற்கும் ஒரு கதை உண்டு: அவருடைய திருப்பாடல் புத்தகத்தை மடத்தை விட்டு ஓடிய ஒரு புதுச் சீடன் எடுத்துப் போக, அவர் செபித்தார், அவன் திரும்பி வந்து கொடுத்தான் என்பார்கள். ஆனால் தன் காலத்தில் அவர் பெயர் எடுத்தது பிரசங்கத்துக்கும் வேதாகமப் படிப்புக்கும். 1946இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தது அதற்காகத்தான். வட்டிக்காரரால் நசுங்கின ஏழைகளுக்காகவும் வாயைத் திறந்தவர் அவர். சாவிக்கு மட்டும் அவரைக் கூப்பிடுவது கொஞ்சம் அநியாயம்.

கொச்சிக்கடைக் கோயிலின் கதை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தோடு சேர்ந்தது. கத்தோலிக்கக் குருமார் ஒளிந்து திரிந்த காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவைப் பிடிக்க ஒல்லாந்தர் தேடியபோது, முகத்துவாரத்துப் பக்கத்து மீனவர்கள் “கடல் எங்கள் கரையை அரிக்கிறது, அதை நிறுத்தித் தந்தால் உங்களைக் காப்பாற்றுகிறோம்” என்றார்களாம். அவர் மணலில் சிலுவையை நட்டுச் செபிக்க, கடல் பின்வாங்கியது என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அங்கே தொடங்கிய சின்னச் செபக்கூடம்தான் இன்றைய திருத்தலம். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று பூசை நேரத்தில் குண்டு வெடித்த கோயில்களில் அதுவும் ஒன்று. திருத்தி எடுத்து அந்த வருடமே ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், திரும்பத் திறந்தார்கள். சனம் வந்தது. பயந்து பயந்துதான், பையைச் சோதிக்கக் கொடுத்துவிட்டுத்தான், ஆனாலும் வந்தது.

நேர்த்திக்கடன் வைத்து நிறைவேற்றாவிட்டால் தண்டனை வருமா?

இதுதான் அதிகம் பேர் பயந்து பயந்து கேட்கிற கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலாவது, “மடு மாதாவுக்கு நேர்ந்தேன்”, “அந்தோனியாருக்கு நேர்ந்தேன்” என்று நாங்கள் சொன்னாலும், நேர்த்தி என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. யோசித்து, சுயவிருப்பத்தோடு, செய்யக்கூடிய ஒரு நல்ல காரியத்தைப் பற்றிக் கொடுக்கிற வாக்கு என்று திருச்சபைச் சட்டத்தின் 1191ஆம் பிரிவு சொல்கிறது. சும்மா வாய் தவறிச் சொன்னதும், அநியாயமாக யாராவது பயமுறுத்தியதால் சொன்னதும் கணக்கில் வராது.

இரண்டாவது, நேர்த்தி அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டும் (பிரிவு 1193). அம்மா உங்களுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது “பிள்ளை பிழைத்தால் பெரியவனாகித் தலவில் அன்னம்மாள் கோயிலுக்கு வருடா வருடம் வருவான்” என்று நேர்ந்திருந்தால், அது உங்கள் கடன் ஆகாது. அன்புக்காகப் போகலாம். போகாததால்தான் வேலை கிடைக்கவில்லை, கல்யாணம் தள்ளிப்போகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, உண்மையாகவே நேர்ந்துவிட்டு இப்போது செய்ய முடியாமல் இருந்தால் உங்கள் பங்குக் குருவிடம் போங்கள். நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கவும், வேறொரு சிறிய காரியமாக மாற்றித் தரவும் அவருக்கு அதிகாரம் உண்டு (பிரிவுகள் 1196, 1197). அதற்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய நற்காரியமாக என்றால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. போர்க்காலத்தில் மன்னார் மடுத் திருத்தலத்துக்குப் பாதை அடைபட்டுக் கிடந்த வருடங்களில், 2008இல் மடு மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்த நேரத்தில், நேர்த்தி செய்ய முடியவில்லையே என்று மனதுக்குள் அழுத அம்மாமார் கொழும்பிலும் இருந்தார்கள். ஒரு சுவாமியிடம் (குருவிடம்) ஐந்து நிமிடம் கதைத்திருந்தால் அந்தப் பாரம் இறங்கியிருக்கும்.

இனி என் அபிப்பிராயம். “விசா கிடைத்தால் இவ்வளவு காசு போடுகிறேன்” என்ற மாதிரி நேர்த்திகள் எனக்குப் பிடிக்காது. கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) வேலை ஆக ஆளைப் பிடித்துக் கைக்குள் வைக்கிற பழக்கத்தைச் செபத்துக்குள்ளும் கொண்டு வருகிறோம். புனிதர் இடைத்தரகர் இல்லை, அவருக்குப் பங்கு வேண்டியதில்லை. நேரத்தான் வேண்டும் என்றால், கிடைத்தால் செய்வேன் என்று சொல்லாமல், இந்த மாதம் முழுவதும் ஒரு நோயாளியை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன் என்று நேருங்கள். பதுவையில் ஏழைகளுக்குக் கொடுத்த அந்தோனியார் பாணை (ரொட்டியை) நினைவில் வைத்து, செவ்வாயில் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொடுங்கள்.

கேட்டது கிடைக்கவில்லை. புனிதர் கைவிட்டுவிட்டாரா?

இதற்கு என்னிடம் லேசான பதில் இல்லை. பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார், எடுபடவில்லை (2 கொரிந்தியர் 12:8). புனித மோனிக்கா மகன் அகுஸ்தினார் மனம் திரும்ப வேண்டும் என்று எத்தனையோ வருடம் அழுதார். கிடைக்காத வீட்டில் போய் “உன் விசுவாசம் காணாது” என்று சொல்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பது, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். போய் இருந்து அவர்களோடு சேர்ந்து ஒரு செபமாலை சொல்லுங்கள், அல்லது தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

யூதா ததேயுவின் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அழித்துவிடுங்கள். அனுப்பினவரிடமும் சொல்லுங்கள். யூதா ததேயு இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவர், காட்டிக்கொடுத்த யூதாசோடு குழப்ப வேண்டாம், ஒக்டோபர் 28 அவருடைய விழா. கைவிடப்பட்ட நிலையில் இருப்பவர்களின் துணையாளர் என்று உலகமெங்கும் சனம் அவரை நம்புகிறது. அவர் பெயரை வைத்துப் பயம் காட்டுவது அவருக்கே அவமானம்.

நவநாளில் ஒரு கிழமை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஆண்டவர் விண்ணேறிய பிறகு தூய ஆவி வரும்வரைக்கும் மாதாவும் சீடர்களும் ஒன்றாகச் செபத்தில் இருந்த ஒன்பது நாட்களை (திருத்தூதர் பணிகள் 1:14) ஒட்டி வந்த பழக்கம் இது. ஒன்பதுக்குள் மந்திரம் ஒன்றும் இல்லை. பஸ் கிடைக்காமல் ஒரு புதன்கிழமை சகாய மாதா நவநாள் தவறினால் அடுத்த புதன் போங்கள்.

எந்தப் புனிதரைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு நாளும் என்ன செய்வது?

ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் போதும். ஞானஸ்நானப் பெயரில் இருக்கிறவரோ, பங்கின் பாதுகாவலரோ, உங்கள் தொழிலுக்கோ துன்பத்துக்கோ கிட்டவான ஒருவரோ. அவர் எந்த ஊர், எந்தக் காலம், எதற்காகச் சிரமப்பட்டார், எதில் சறுக்கினார் என்று வாசியுங்கள். புனிதரிடம் கேட்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும், புனிதரைப் போல் வாழப் பார்ப்பதில்தான் எங்கள் பக்தி சும்மா நின்றுவிடுகிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது பாதிக் காரியம்தான்.

நடைமுறையில் எங்கள் வீட்டில் இப்படி: காலையில் அன்றைய புனிதர் யார் என்று நாட்காட்டியில் பார்ப்போம், பிள்ளைகளில் ஒருவர் இரண்டு வசனத்தில் சொல்வார், “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று சொல்லிவிட்டு ஸ்கூல் பையைத் தூக்குவோம், ஒரு நிமிடம்கூட ஆகாது. இரவில் செபமாலை முடிய வீட்டுப் பாதுகாவலரின் பெயரைச் சொல்வோம், அப்புறம் இறந்துபோன எங்கள் ஆட்களுக்காக ஒரு செபம். வெள்ளியில் திரு இருதயம், சனியில் மாதா, மார்ச்சில் சூசையப்பர் வணக்கம், மே மாதத்தில் மாதா வணக்கம், ஒக்டோபரில் செபமாலை, இந்தப் பழைய ஒழுங்கு எங்கள் அம்மம்மாமார் வைத்திருந்தது, அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் திரைச்சீலைக்குக் கிட்ட மெழுகுவர்த்தி வைக்காதீர்கள், பற்றரி விளக்கு வைத்தால் செபம் குறைந்துபோகாது.

சின்னவர்களுக்குக் காலத்தால் கிட்டினவர்களைக் காட்டுங்கள். 2006இல் 15 வயதில் இறந்து 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி புனிதரான கார்லோ அகூத்திஸ், கணினியில் நற்கருணைப் புதுமைகளை (அற்புதங்களை) தொகுத்த பையன் என்றதும் என் வகுப்பில் பின் வாங்கில் இருக்கிறதுகள்கூட நிமிர்ந்து பார்க்கும். தமிழ் பேசும் மண்ணோடு கிட்டினவர் வேண்டுமென்றால் தேவசகாயம் இருக்கிறார்: நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரச சேவையில் இருந்து, 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14ஆம் திகதி ஆரல்வாய்மொழிக் காட்டில் சுடப்பட்டவர். குருவும் இல்லை துறவியும் இல்லை, கல்யாணம் கட்டின ஆள். 2022 மே 15இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

எங்கள் நாட்டுப் புனிதர் என்று யார் இருக்கிறார்?

யோசேவ் வாஸ் அடிகள். பிறப்பால் கோவாக்காரர், 1651இல் பெனாவுலிமில் பிறந்தவர். ஆனால் 1687இல் இந்தத் தீவில் கால் வைத்தவர் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் சாகும்வரை திரும்பிப் போகவே இல்லை. டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில் கூலிக்காரர் மாதிரி உடுத்திக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குள் வந்தார், தமிழும் சிங்களமும் படித்தார், இராத்திரியில் வீடு வீடாகப் போய்ப் பூசை வைத்தார். கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். பிறகு நாட்டில் மழை பெய்யாமல் போக, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் செபிக்கச் சொல்லிக் கேட்டான், அவர் வெளியில் சிலுவையை வைத்துச் செபிக்க மழை கொட்டியது, அவரைச் சுற்றிய இடம் மட்டும் நனையவில்லை என்று சொல்வார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கண்டியில் அம்மை நோய் பரவி உறவுகளே நோயாளியை விட்டு ஓடினபோது அவர் நின்று கழுவித் துடைத்துச் சாப்பாடு கொடுத்ததுதான். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை.

1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அருளாளர் பட்டத்தையும் (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி), 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டத்தையும் காலிமுகத்திடலில் வைத்தே அவருக்குக் கொடுத்தார்கள். நானும் நீங்களும் காற்று வாங்கி வடை சாப்பிடுகிற அதே திடல். அப்படியிருந்தும் கொழும்புத் தமிழ் வீடுகளில் அவருடைய படம் அருமை. அந்தோனியார் இருப்பார், செபஸ்தியார் இருப்பார், வேளாங்கண்ணி மாதா இருப்பார், எங்கள் மொழியைப் படித்து எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தவர் இருக்க மாட்டார். ஜனவரி 16 அவருடைய விழா, அடுத்த நாட்காட்டி வாங்கினதும் வட்டம் போட்டு வையுங்கள்.

லூசியா கண்ணுக்கு, அந்தோனியார் தொலைந்ததுக்கு என்று பிரித்து வைத்தது யார்?

எந்த அலுவலகமும் பிரித்து வைக்கவில்லை. பெரும்பாலும் வாழ்க்கை வரலாற்றிலோ கதையிலோ வந்த ஒரு விஷயத்தைப் பிடித்துச் சனமே வழக்கமாக்கிக்கொண்டது. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் லூசியா, சிசிலியின் சிரகூசாவில் 304ஆம் ஆண்டளவில் கொல்லப்பட்ட கன்னி. கண் சம்பந்தமான கதைகள் பிற்காலத்தில் சேர்ந்தவை. கண்ணில் வெள்ளை படர்ந்தால் லூசியாவிடமும் செபியுங்கள், கண் ஆஸ்பத்திரியிலும் நம்பர் எடுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் இந்து. சாமித் தட்டில் பிள்ளையாரும் அந்தோனியாரும் ஒன்றாக இருக்கலாமா?

கொழும்பில் இது எவ்வளவு வீட்டுக் கதை! கொச்சிக்கடையிலேயே ஒரு பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், இன்னொரு பக்கம் அந்தோனியார், இரண்டுக்கும் போகிறவர்கள் ஆயிரம். இந்துக்களும் பௌத்தர்களும் அந்தோனியாரிடம் வருவதில் ஒரு குறையும் இல்லை, யாரும் தடுப்பதும் இல்லை. நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கருக்கு உரியது, அதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டுப் பூசை நேரத்தில் வரிசையில் நின்று தர்மசங்கடப்பட வைக்காதீர்கள்.

ஆனால் தட்டு என்றால் என் பதில்: தனித்தனியாக வையுங்கள். அந்தோனியார் எங்களுக்கு ஒரு மனிதர், கடவுளிடம் எங்களுக்காக வேண்டுகிறவர். பிள்ளையார் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெய்வம். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் எங்கள் நம்பிக்கையும் குழம்பும், அவருடைய தெய்வத்துக்கும் மரியாதை இல்லை. வேறு வேறு சுவர், வேறு வேறு நேரம், ஒருவர் கும்பிடும்போது மற்றவர் டிவி சத்தத்தைக் குறைக்கிற மரியாதை. பிள்ளைகள் இதைப் பார்த்து நன்றாகவே விளங்கிக்கொள்கிறார்கள்.

சுரூபம் உடைந்துவிட்டது. கெட்ட சகுனமா? எங்கே போடுவது?

சகுனம் ஒன்றும் இல்லை, சாந்துப் பொம்மை விழுந்தால் உடையும். மந்திரிக்கப்பட்ட (குரு ஆசீர்வதித்த) பொருள் என்பதால் குப்பைக்குள் போடாமல், படம் என்றால் எரித்துச் சாம்பலை மண்ணில் போடுங்கள், சுரூபம் என்றால் உடைத்துத் துண்டுகளாகப் புதைத்துவிடுங்கள். மண்ணே இல்லாத ஃபிளாட் என்றால் கோயிலில் கேளுங்கள். தெருமுனைக் கெபியின் (சின்னச் சுரூபக் குகையின்) அடியில் இராத்திரியோடு இராத்திரியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிற பழக்கத்தை மட்டும் விடுங்கள், விடிய அதைக் கூட்டி அள்ளுகிறவர் பாவம்.

திருப்பண்டங்களை (புனிதர்களின் எலும்பு, அவர்கள் பாவித்த பொருட்கள்) முத்தமிடுவது எதற்கு? எலும்பைக் கும்பிடுவது மாதிரி இருக்கிறதே.

155ஆம் ஆண்டளவில் சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப்பு எரிக்கப்பட்டபோது, அவருடைய எலும்புகளை அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் பொறுக்கி எடுத்து, வருடா வருடம் அந்த நாளில் கூடினார்கள். அவ்வளவு பழைய பழக்கம். எலிசாவின் எலும்பில் பட்ட பிணம் எழும்பியதையும் (2 அரசர்கள் 13:21), பவுலின் மேல் பட்ட துணிகளால் நோய் நீங்கியதையும் (திருத்தூதர் பணிகள் 19:12) வேதாகமமே சொல்கிறது. பொருளுக்குச் சக்தி என்று இல்லை, கடவுள் செய்கிறார். ஒன்று கவனம்: இணையத்தில் சான்றிதழோடு திருப்பண்டம் விற்கிறார்கள். திருப்பண்டத்தை விற்பது திருச்சபைச் சட்டத்தில் முழுத் தடை (பிரிவு 1190). வாங்கி ஏமாறாதீர்கள்.

2019 உயிர்ப்பு ஞாயிறில் இறந்தவர்களைப் புனிதர்கள் என்று அழைக்கலாமா? எங்கள் அம்மம்மாவை?

தனிப்பட்ட முறையில் அவர்களிடம் “எனக்காக வேண்டிக்கொள்ளுங்கோ” என்று கேட்கலாம், அது உங்கள் மனது. பொது வழிபாட்டில், பீடத்தில் படம் வைத்து வணங்குவது திருச்சபை அறிவித்தவர்களுக்கு மட்டும். விசாரணை தொடங்கவே வழமையாக இறந்து 5 வருடம் கழிய வேண்டும். மறைசாட்சி என்று ஏற்றால் அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை, மற்றவர்களுக்குத் தேவை. கொன்றவர் விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பால் கொன்றாரா என்பதைப் பார்ப்பார்கள். இதெல்லாம் மெதுவாகத்தான் நகரும்: 1544இல் மன்னாரில் சங்கிலி மன்னன் கொல்வித்த அறுநூறு பேரளவான மறைசாட்சிகளை மன்னார் மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள், பட்டம் இன்னும் வரவில்லை.

பெயர் தெரியாத புனிதர்கள் எல்லாருக்குமாகத்தான் நவம்பர் 1 இருக்கிறது. அம்மம்மா அதில் ஒருவராக இருக்கலாம். இருந்தாலும் இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2இல் அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்க மறக்காதீர்கள்.

கிறிஸ்தோபரைப் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களாமே?

இல்லை. 1969இல் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது அவருடைய விழாவை உலகம் முழுவதும் கொண்டாட வேண்டியதிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அவர் படம் இருக்கட்டும். ஆட்டோக்காரர் சிவப்பு விளக்கில் நிற்கவும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நவநாளுக்குத் தவறாமல் போகிறேன். ஞாயிறு வேலை. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுமா?

ஆகாது. ஞாயிறுத் திருப்பலி கடமை, செவ்வாய் நவநாள் உங்கள் விருப்பம். ஞாயிறில் கடை திறக்க வேண்டியிருந்தால் சனி மாலைப் பூசைக்குப் போங்கள், அது ஞாயிறுக் கணக்கில் சேரும். அதற்கும் வழியில்லாத ஷிப்ட் என்றால் உங்கள் சுவாமியிடம் கதையுங்கள், செய்ய முடியாததைத் திருச்சபை கேட்பதில்லை. ஒன்றைத்தான் விட முடியும் என்றால் செவ்வாயை விடுங்கள், அந்தோனியாரும் அதைத்தான் சொல்வார்.